பிளஸ் ஒன் வகுப்புக்குள் ஒரு காலண்டர் கம்பெனி நடத்துவது எப்படி

வணிகவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆபீஸ் வேலை பழக்க வேண்டும் என்றதும் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது ஒன்றுதான். ஒருநாள் நிகழ்ச்சி, நாலு மேஜை, ஒருவன் கழுத்தில் டை, அவன்தான் எம்.டி., மேடையில் பத்து நிமிடம் மீட்டிங் மாதிரி நடித்துக் காட்டி, ஹெச்.எம். கைதட்டி, போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள். அதில் நடிப்பு வருமே தவிர வேலை வராது. ஆபீஸ் என்பது மேஜையும் பதவியும் கிடையாது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் காகிதம்தான் ஆபீஸ். நான் இன்று பில் போடவில்லை என்றால் நாளைக்கு நீ லாரி ஏற்ற முடியாது, அதற்கு அடுத்த நாள் அவளுக்குப் பணம் வராது. இந்தச் சங்கிலியை வகுப்புக்குள் உண்டாக்கிவிட்டால் நேரம் தவறாமை, குழுவாக வேலை செய்வது என்று நாம் போர்டில் எழுதிப்போடும் சங்கதிகள் எல்லாம் தானாக வந்து சேரும். உண்டாக்காவிட்டால் எத்தனை டை கட்டினாலும் வராது.

வகுப்புக்குள்ளேயே பிள்ளைகளை வைத்து ஒரு பாவனைக் கம்பெனி நடத்துவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. ஆஸ்திரியாவின் வணிகப் பள்ளிகளில் பயிற்சி நிறுவனம் நடத்துவது பாடத்திட்டத்திலேயே கட்டாயம். நியூயார்க்கில் 1996ல் பொதுப் பள்ளிகளில் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கி இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடத்துகிறார்கள். அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு பள்ளியின் கம்பெனி தனியாக நிற்பதில்லை, இன்னொரு பள்ளியின் கம்பெனியோடு வியாபாரம் செய்கிறது. பொருளும் பணமும் கற்பனை, ஆனால் ஆர்டர், பில், கடிதம், கெடு எல்லாம் நிஜம். நமக்கு இன்னொரு பள்ளி கிடைக்காவிட்டால் வகுப்பையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிளஸ் டூவில் இதைத் தொடாதீர்கள், பொதுத்தேர்வு பயத்தில் பிள்ளைகளும் வரமாட்டார்கள், பெற்றோரும் விடமாட்டார்கள். 2025-26லிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆகிவிட்டதால் அந்த வருடம்தான் சரி. வாரத்துக்கு இரண்டு பீரியட் போதும், ஆனால் சேர்ந்தாற்போல் வேண்டும். ஒற்றைப் பீரியட் என்றால் ஃபைலை எடுத்து வைப்பதற்குள் மணி அடித்துவிடும். ஹெச்.எம்.மிடம் கேட்கும்போது 'புதுமைத் திட்டம்' என்றெல்லாம் சொல்ல வேண்டாம், கணக்குப்பதிவியல் பாடத்துக்கான செய்முறை என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும்கூட. துணை ஏடுகள், சில்லறை ரொக்க ஏடு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், பிழைத்திருத்தம், கடைசியில் இறுதிக் கணக்குகள், இத்தனையும் பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிசையிலேயே கம்பெனிக்கும் தேவைப்படும்.

என்ன கம்பெனி?

உங்கள் ஊரில் என்ன தொழிலோ அதுதான். திருப்பூர் என்றால் பனியன், கரூர் என்றால் துண்டும் போர்வையும், ஆம்பூர் என்றால் செருப்பு. ஆப் உருவாக்கும் ஸ்டார்ட்-அப் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆப் கம்பெனியில் சரக்கும் இல்லை, லாரியும் இல்லை, சரக்கோடு போகும் சீட்டான டெலிவரி சலானும் இல்லை, பழகுவதற்கு ஒன்றுமே இருக்காது. ஊர்த் தொழில் என்றால் வகுப்பில் நாலு பிள்ளைகளின் வீட்டில் அப்பாவோ அத்தையோ அதே வேலையில் இருப்பார்கள். "சார், ப்ரூஃபில் கையெழுத்து வாங்காம மெஷின்ல ஏத்த மாட்டாங்க" (ப்ரூஃப் என்றால் அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரித் தாள்) என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்போது அந்தப் பையன் அன்றைக்கு நமக்கே வாத்தியார்.

இங்கே சிவகாசிப் பக்கத்து உதாரணத்தை வைத்தே சொல்கிறேன், காலண்டர் கம்பெனி. இதில் ஒரு வசதி, காலண்டர் தொழிலின் வருடமும் பள்ளி வருடமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடுகின்றன. ஆடிப் பதினெட்டு அன்று புது வருட காலண்டர் ஆல்பம் (மாதிரி டிசைன்களின் தொகுப்பு) வெளியிடுவது சிவகாசி வழக்கம், அது ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். அதிலிருந்து ஆர்டர் பிடித்து, கடைப்பெயர் அச்சடித்து, டிசம்பருக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். ஜூனில் பள்ளி திறந்து, ஜூலையில் ஆள் எடுத்து, ஆடிப்பெருக்கில் கம்பெனி திறந்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன் கடைசி பார்சல், ஜனவரியில் கணக்கு முடிப்பு. ஜனவரி 1ஆம் தேதிக்கு மேல் காலண்டரை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் கெடு என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

வகுப்பில் நாற்பது பேர் என்று வையுங்கள். இருபது பேர் கம்பெனி, மீதி இருபது பேர் வெளி உலகம். கம்பெனியில் விற்பனை, கொள்முதல், டிசைன், கணக்கு, டெஸ்பாட்ச், ஹெச்.ஆர். என்று பிரித்துக்கொள்ளலாம். வெளி உலகத்தில் ஒரு பேங்க், ஒரு பேப்பர் சப்ளையர், ஒரு பார்சல் ஆபீஸ், ஒரு வரி ஆபீஸ், மீதி எல்லாரும் கஸ்டமர்கள்: ஜவுளிக்கடை, நகைக்கடை, கூட்டுறவு சங்கம், மருந்துக்கடை. வெளி உலகத்துப் பிள்ளைகளுக்கு வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். பேங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, எழுத்தில் ஒரு தொகையும் எண்ணில் வேறு தொகையும் இருக்கும் செக்கைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உண்டு, தேதி போட்டு மூன்று மாதம் தாண்டிய செக்கையும் அடித்துத் திருத்திய செக்கையும் அப்படியே திருப்பலாம். அந்த அதிகாரத்தை அவர்கள் எவ்வளவு ரசித்துச் செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால் நிஜ பேங்க் கவுன்டர்களைப் பற்றி நமக்குச் சில விஷயங்கள் விளங்கும்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டு பாதியும் இடம் மாற வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆள் எடுப்பது

வேலைகளை நீங்கள் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நோட்டீஸ் போர்டில் விளம்பரம், வெள்ளைத்தாளில் விண்ணப்பம், பயோடேட்டா, இன்டர்வியூ, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்று முறையாகப் போங்கள். இன்டர்வியூவுக்கு நீங்கள் உட்காராமல் வெளி ஆள் இரண்டு பேரை வரவழையுங்கள்: பழைய மாணவர் யாராவது ஆடிட்டர் ஆபீஸில் இருப்பார், பெற்றோரில் ஒருவர் பிரஸ்ஸில் மேனேஜராக இருப்பார், ஒரு மதியம் கேட்டால் மறுக்கமாட்டார்கள். கேள்வி எளிமையாக இருக்கட்டும். "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன" என்ற கேள்வியை மட்டும் தடை செய்துவிடுங்கள், பிள்ளைகள் யூடியூபில் மனப்பாடம் செய்துவந்து ஒப்பிப்பார்கள். "போன மாதம் வீட்டிலோ ஊரிலோ நீ பொறுப்பாக எடுத்துச் செய்த ஒரு வேலையைச் சொல்லு" என்று கேட்டால் கோயில் திருவிழா வசூல் கணக்கு எழுதியவள், அண்ணன் கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்த்தவன் எல்லாம் வெளியே வருவார்கள்.

கேட்ட வேலை எல்லாருக்கும் கிடைக்காது. கிடைக்காதவர்களுக்கு ஹெச்.ஆர். கையெழுத்தோடு, காரணத்தைச் சொல்லி மரியாதையாக ஒரு கடிதம் போக வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதுவதும் ஒரு பாடம், வாங்குவதும் ஒரு பாடம். முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளையை எம்.டி. ஆக்கும் பழக்கத்தை விடுங்கள். அதேபோல விற்பனைக்கும் டெஸ்பாட்சுக்கும் பையன்கள், ரிசப்ஷனுக்கும் டைப்பிங்குக்கும் பெண்கள் என்று தன்னால் ஒதுங்கிக்கொள்வார்கள், இன்டர்வியூ குழுவிடம் முன்கூட்டியே சொல்லி அதை உடைத்துவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டு சட்டப்படி பாலியல் தொந்தரவு புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பதையும் ஹெச்.ஆர். பிரிவு முதல் வாரமே நோட்டீஸாக எழுதி ஒட்டட்டும். நாளைக்கு நிஜ வேலைக்குப் போகும்போது அந்த நோட்டீஸை எங்கே தேட வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

காகிதம் நடக்கும் பாதை

இதுதான் மொத்தத் திட்டத்தின் உயிர், அதனால் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். ஒரு ஜவுளிக்கடை 500 காலண்டர் கேட்கிறது, ஒன்று 40 ரூபாய், வரி தனி. கடை பர்ச்சேஸ் ஆர்டர் கொடுக்கும். விற்பனைப் பிரிவு அதற்கு நம்பர் போட்டு ரெஜிஸ்டரில் ஏற்றி, நகலை டிசைனுக்கும் கணக்குக்கும் அனுப்பும். டிசைன் பிள்ளை கடைப்பெயரும் போன் நம்பரும் எழுதி ப்ரூஃப் அனுப்புவாள், கடைக்காரர் கையெழுத்துப் போட்டுத் திருப்புவார். அப்புறம்தான் அச்சு. டெஸ்பாட்ச் டெலிவரி சலான் எழுதி, பார்சல் ஆபீஸில் எல்.ஆர். (சரக்கை ஏற்றிக்கொண்டதற்கான லாரி ரசீது) வாங்கும். கணக்குப் பிரிவு பில் போடும். கடைக்காரர் பணம் கட்டுமுன் ஆர்டர், சலான், பில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நீங்கள் பேசாமல் ஒரு வேலை செய்யுங்கள். பார்சல் ஆபீஸ் பிள்ளையிடம் சொல்லி சலானில் 480 என்று எழுதி வாங்க வைத்துவிடுங்கள், 20 நனைந்துவிட்டது என்று காரணம். கணக்குப் பிரிவு ஆர்டரைப் பார்த்து 500க்கு, அதாவது 20,000 ரூபாய்க்குப் பில் போட்டிருக்கும். வர வேண்டியது 19,200. கடைக்காரப் பிள்ளை மூன்று காகிதத்தையும் சரிபார்த்தால் 800 ரூபாய் வித்தியாசம் கண்ணில் படும், சரிபார்க்காமல் செக் எழுதினால் படாது. பட்டால் கடிதம் வரும், கம்பெனி வரவுக்குறிப்பு (கூடுதலாகப் போட்ட தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் சீட்டு) அனுப்ப வேண்டும், பார்சல் ஆபீஸோடு சண்டை போட வேண்டும். பாடப்புத்தகத்தில் வரவுக்குறிப்பு என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதிக்கொண்டிருந்த பிள்ளை அன்றைக்குத்தான் அது எதற்கு என்று பார்ப்பாள்.

வரியையும் விடாதீர்கள். காலண்டருக்கு எத்தனை சதவீதம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், வரி ஆபீஸ் பிள்ளை பள்ளிக் கம்ப்யூட்டர் அறையான ஹைடெக் லேபில் உட்கார்ந்து தேடி எடுத்து நோட்டீஸ் போடட்டும், விகிதம் மாறிக்கொண்டே இருக்கும் விஷயம். ஜி.எஸ்.டி. எண்ணில் 15 எழுத்து, முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. காரைக்காலில் ஒரு மருந்துக்கடையைக் கஸ்டமராக வையுங்கள். பிள்ளைகள் தஞ்சாவூர்ப் பக்கம்தானே என்று வரியைப் பாதிப்பாதி மத்திய வரி, மாநில வரி என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, குறியீடு 34, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். வரி ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்ததும் அதற்கப்புறம் பில் போடும் யாரும் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்காமல் பேனாவைத் திறக்கமாட்டார்கள்.

வாரம் ஒரு கவர்

கம்பெனி ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் ஆசிரியரின் வேலை அதைக் கெடுப்பதுதான். வாரத்துக்கு ஒரு மூடிய கவரை, வரும் கடிதங்களுக்கான இன்வர்ட் தட்டில் வைத்துவிடுங்கள். பேப்பர் விலை ஏறிவிட்டது என்று சப்ளையர் கடிதம். ஏற்கனவே ஒத்துக்கொண்ட விலையில் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லும் நகைக்கடை. இரண்டு கடைக்கும் ஒரே நாளில் டெலிவரி, பார்சல் ஆபீஸில் ஒரு லாரிதான். அச்சான பிறகு போன் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் முன்பின்னாக இருப்பதாகப் புகார். இந்தக் கடைசிக் கவர் மிக நல்லது: ப்ரூஃபில் கடைக்காரர் கையெழுத்து இருந்தால் பொறுப்பு அவருடையது, ப்ரூஃப் ஃபைலில் இல்லை என்றால் கம்பெனி தன் செலவில் திரும்ப அடித்துக்கொடுக்க வேண்டும், அந்தச் செலவு ஜனவரியில் இலாப நட்டக் கணக்கில் வந்து நிற்கும். ஃபைலைத் தேடி ஆறு பேர் ஓடுவார்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

பள்ளிக்குள் போன் கூடாது என்பது பெரிய தடையில்லை. இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகாகப் போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், முகம் தெரியாமல் குரலை மட்டும் வைத்துப் பேசுவது அப்படியே போன் பேசுவதுபோலத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கோபமான கஸ்டமராக வரச்சொன்னால் அவருக்கும் பொழுதுபோகும். பேசி முடித்ததும் யார், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், எப்போது திரும்பக் கூப்பிடுவோம் என்று சீட்டில் எழுதிச் சம்பந்தப்பட்ட மேஜையில் வைக்க வேண்டும். போன் பேச்சு தமிழிலேயே இருக்கட்டும். நம் ஊர்க் கஸ்டமர் தமிழில்தான் பேசுவார், அவரிடம் திக்கித்திக்கி ஆங்கிலம் பேசுவது வேலைத்திறன் ஆகாது. ஆங்கிலத்தை எழுத்தில் பழக்கலாம், அவசரமில்லை.

மெயில் எழுதுவது தனிச் சங்கதி. ஹைடெக் லேப் கிடைக்காத நாளில் காகிதத்திலேயே மெயில் எழுதித் தட்டில் போடலாம். பிள்ளைகளின் முதல் மெயில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "சார் பணம் இன்னும் வரல சீக்கிரம் அனுப்புங்க." எந்தப் பணம், எவ்வளவு, யார் கேட்கிறார்கள், எப்போதுக்குள்? ஒன்றும் இல்லை. சிவப்பு மையால் திருத்தாமல், கடைக்காரப் பிள்ளையிடம் கொடுத்து "இதைப் படித்துவிட்டு உன்னால் பணம் அனுப்ப முடியுமா" என்று கேளுங்கள். அவன் கேட்கும் கேள்விகளையெல்லாம் எழுதிக்கொண்டு போய்த் திரும்ப எழுதினால் இப்படி வரும்:

"பொருள்: பில் எண் 14, நிலுவைத் தொகை 19,200 ரூபாய். வணக்கம். அக்டோபர் 10ஆம் தேதி அனுப்பிய 480 காலண்டருக்கான மேற்படி பில் தொகையும் அதற்குரிய வரியும் இன்னும் எங்கள் கணக்கில் வரவில்லை. பில் நகல் இணைத்துள்ளோம். வரும் வெள்ளிக்குள் செலுத்த வேண்டுகிறோம். ஏற்கனவே அனுப்பியிருந்தால் செக் எண்ணைத் தெரிவிக்கவும்." கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள், அதை நான் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை, பணம் கட்டிய பிறகும் நினைவூட்டல் வந்து கடுப்பான கடைக்காரப் பிள்ளை கம்பெனிப் பக்கம் மாறியதும் அவளே சேர்த்துக்கொண்டாள்.

சம்பளம், லேட், மெமோ

சம்பளம் கட்டாயம் உண்டு, வகுப்பு பேங்கில் கணக்கு எழுதுவதுதான், கையில் காசு இல்லை. இருபது பேர் இருப்பதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடிக்க வேண்டும். மாதம் 15,000 என்று வைத்தால் பி.எஃப். 12 சதவீதம் 1,800, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 112.50, அதை அடுத்த முழு ரூபாயாக்கி 113. கைக்கு 13,087. "பதினஞ்சாயிரம்னு சொல்லிட்டு ரெண்டாயிரத்தை எடுத்துட்டாங்க" என்று முதல் மாதம் ஹெச்.ஆர். மேஜைமுன் கூட்டம் கூடும், அந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது ஹெச்.ஆர். பிள்ளைதான், நீங்கள் இல்லை. அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரில் ஒருநாள் சம்பளமில்லா விடுப்பு விழுந்தால் 500 போய், பிடித்தம் திரும்பக் கணக்கிட்டு 12,651 ஆகும். அதைக் கணக்கிடும் பிள்ளையும் நண்பன்தான், "டேய் போட்டுவிடாதடா" என்று கெஞ்சுவான். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டது யார், நட்பா நேர்மையா என்ற அந்தப் பேச்சுவார்த்தை உங்கள் கண்முன் நடக்கட்டும், நடுவில் புகாதீர்கள்.

யாரையும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது. மெமோ கொடுக்கலாம், விளக்கம் கேட்கலாம், வேறு பிரிவுக்கு மாற்றலாம். வீட்டில் கஷ்டத்தால் லேட்டாக வரும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனி விதியிலேயே அனுமதி நேரம் என்று ஒன்றை வைத்து, எழுதிக் கேட்டால் கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள். எழுதிக் கேட்பதும் ஒரு பழக்கம்தான். தேர்வு மதிப்பெண்ணை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். போட்ட அன்றே எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்து வேலை செய்ய ஆரம்பித்துவிடுவார்கள், பக்கத்து மேஜையைப் பார்க்கமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் திட்டத்தைக் கேள்விப்பட்டு உள்ளூர்க் கம்பெனி யாராவது "எங்க பில்லையே என்ட்ரி போடட்டும், பிள்ளைகளுக்கு அனுபவம்" என்று வருவார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அது பயிற்சி இல்லை, கூலி இல்லாத வேலை. அவர்களிடமிருந்து வேண்டியது பழைய பில் புத்தகம், காலி சலான், ரிஜெக்ட் ஆன ப்ரூஃப், ஒரு மதியம் பிரஸ்ஸைச் சுற்றிப் பார்க்க அனுமதி, அவ்வளவுதான்.

சார்ஜ் ஒப்படைப்பு

காலாண்டுக்குப் பின் இரண்டு பாதியும் இடம் மாறும்போது வெறுமனே நாற்காலி மாறினால் பாதிப் பலன் போய்விடும். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும்: என் மேஜையில் முடிந்தவை, பாதியில் நிற்பவை, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், எந்தக் கஸ்டமர் எப்படி, எந்த ஃபைல் எங்கே. வாங்குபவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழையவர் விடுபடலாம். இதற்கு இரண்டு இரட்டைப் பீரியட் ஒதுக்குங்கள், இழுக்கும். ரொக்க ஏட்டில் மீதி ஒன்று, பேங்க் பாஸ் புத்தகத்தில் மீதி வேறு என்று நிற்கும், அங்கேயே உட்கார்ந்து வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட வேண்டியிருக்கும். புதியவர்கள் "இவ்வளவு குப்பையா வச்சிருக்கீங்க" என்பார்கள், பழையவர்கள் "நீங்க கடைக்காரரா இருந்தப்ப பண்ண அலப்பறைதான்" என்பார்கள், சத்தம் கொஞ்சம் கூடும், பக்கத்து வகுப்புக்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

ஜனவரியில் இருப்பாய்வு (பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்), வியாபாரக் கணக்கு, இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு. எண்கள் எல்லாம் அவர்களே உண்டாக்கியவை என்பதால் இருப்பாய்வு ஒட்டாமல் போனால் பதிலை எட்டிப் பார்க்கப் புத்தகத்தின் பின்பக்கம் கிடையாது, ஆகஸ்ட் மாத வவுச்சர்வரை தோண்ட வேண்டும். நட்டம் வந்தாலும் பரவாயில்லை, கணக்கை மாற்றி லாபம் காட்டாமல் இருந்தால் சரி.

ஃபைல்களைக் கட்டி பீரோவில் வைத்துவிடுங்கள், பழைய பேப்பர் கடையில் போட்டுவிட வேண்டாம். அடுத்த ஜூனில் புது பிளஸ் ஒன் பிள்ளைகளின் முதல் வேலை, அதைப் பிரித்து ஆடிட் செய்து கேள்வி எழுதுவது. எந்த பில்லுக்கு சலான் இல்லை, எந்த வவுச்சரில் கையெழுத்து இல்லை என்று அவர்கள் எழுதி அனுப்பும் கேள்விகளுக்கு மேல் மாடியில் இருக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.